கூடாரத்து இரவுக்கு எந்தக் குல்லா? மங்கி கேப் முதல் டவுன் ஹூட் வரை

குளிர்காலத்தில் உத்தரகாண்டின் கேதார்காந்தாவுக்கோ பிரம்மதாலுக்கோ மலையேறப் புறப்படுகிறவர்களுக்கு மலையேற்ற நிறுவனங்கள் அனுப்பும் பொருட்பட்டியலில் காலுக்கும் கைக்கும் பல வரிகள் இருக்கும். தலைக்கு மட்டும் ‘கம்பளிக் குல்லா’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பகலில் நடப்பதற்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் டிசம்பர் கடைசியில் கேதார்காந்தா பயணம் தொடங்கும் உத்தரகாசி மாவட்டத்தின் சாங்க்ரி பக்கம் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் பிறகுதான் வெயில் முகத்தில் படுகிறது. கூடாரத்துக்குள் படுத்துக் கிடக்கும் நேரம் அங்கே நடக்கும் நேரத்தைவிட மிக அதிகம். அந்த நீண்ட இரவுக்கென்று தலைக்கு எதை வாங்குவது என்ற கேள்விக்கு, நம் ஊர்க் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் நான்கு வகைப் பொருள்களை வைத்து இங்கே பதில் சொல்கிறேன். மைனஸ் 5 முதல் மைனஸ் 12 டிகிரி வரை இறங்கும் இமயமலை இரவுகளையே அளவுகோலாகக் கொண்டிருக்கிறேன். ஊட்டியின் உறைபனி இரவுக்கும், மீசைப்புலிமலை அடிவாரத்தின் கூடாரங்களுக்கும் இதில் பாதி ஏற்பாடே தாராளம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூங்குவதற்கான குல்லாவைத் தேர்ந்தெடுக்கும்போது, உச்சந்தலையில் அது எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, கழுத்தில் எவ்வளவு தூரம் இறங்குகிறது, முகத்தில் எவ்வளவு திறந்திருக்கிறது, புரண்டு படுக்கும்போது அந்தத் திறப்பு முகத்தோடு சேர்ந்து வருகிறதா என்ற மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். கடையில் நின்றபடி கண்ணாடி முன் போட்டுப் பார்க்கிறவருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடத் தெரியவராது. குல்லாவின் அட்டையிலும் இவற்றைப் பற்றி எதுவும் அச்சிட்டிருக்காது.

உடலின் வெப்பத்தில் பாதி தலை வழியாகத்தான் வெளியேறுகிறது என்று மலையேற்ற வழிகாட்டிகள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1970-ஆம் ஆண்டின் அமெரிக்க ராணுவக் கையேடு ஒன்றிலேயே 40 முதல் 45 சதவீதம் என்ற கணக்கு இடம்பெற்றிருக்கிறது. உண்மையில், வளர்ந்தவர்களின் தலை உடலின் மேற்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். உடல் முழுவதும் ஒரே அளவில் குளிரில் திறந்திருந்தால் தலை வழியாகப் போகும் வெப்பமும் கிட்டத்தட்ட அதே பங்குதான். இதைப் படித்துவிட்டுத் தலைக்குத் தனி ஏற்பாடு தேவையில்லை என்று முடிவுகட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஸ்லீப்பிங் பேக் என்ற தூக்கப் பைக்குள் படுத்திருப்பவரின் உடல் ஒரே அளவில் திறந்திருப்பதில்லையே; கழுத்துக்குக் கீழே எல்லாம் பொதிந்திருக்க, தலை மட்டும்தான் வெளியே கிடக்கிறது. ஃப்ரோஸ், பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1957-இல் வெளியிட்ட அளவீடுகள் இந்த நிலைக்குத்தான் பொருந்துகின்றன. கைவிரல்களில் குளிர் பட்டால் அங்குள்ள ரத்தநாளங்கள் சுருங்கி வெப்ப இழப்பைக் குறைத்துக்கொள்ளும். தலையின் தோலில் அந்தச் சுருக்கம் மிகக் குறைவு என்பதால், குளிர் கூடக்கூட இழப்பும் அதே விகிதத்தில் கூடிக்கொண்டே போகிறது. மற்ற பாகங்களெல்லாம் நன்றாகப் போர்த்தப்பட்டு ஓய்வாக இருக்கும் ஒருவரின் தலை மைனஸ் 4 டிகிரியில் திறந்திருந்தால், அவருடைய உடல் உண்டாக்கும் வெப்பத்தில் பாதிவரை அந்த வழியாகவே போகலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஆகவே வழிகாட்டி சொல்லும் கணக்கு நடந்துகொண்டிருப்பவருக்குப் பொருந்தாது. தூங்குகிறவருக்குப் பெருமளவு பொருந்தும். போதாக்குறைக்கு, உடலின் உள்வெப்பநிலை அன்றாடச் சுழற்சியில் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரமும் வெளிக்காற்று மிகவும் குளிர்ந்திருக்கும் நேரமும் விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் ஒன்றாக வந்து சேர்கின்றன. இரவு பத்து மணிக்கு இதமாக இருந்த குல்லா நாலரை மணிக்கு ஏன் போதவில்லை என்று வியக்கிறவர்கள் பழியைக் குல்லாவின் மேல் மட்டும் போடக்கூடாது.

முதலில் மங்கி கேப். இதை அணிந்தாலே கேலி செய்யும் வழக்கம் நம்மிடம் உண்டு. கார்த்திகை பிறந்ததும் பேருந்தின் சன்னல் ஓரத்தில் இதை மாட்டிக்கொண்டு உட்காரும் தாத்தாக்களையும், அவர்களையும் விஞ்சும் கொல்கத்தாக்காரர்களையும் நாம் பார்த்துச் சிரிக்காத ஆண்டு இல்லை. ஆனால் தூக்கத்துக்கான குல்லாவிடம் எதிர்பார்க்க வேண்டிய வடிவம் அடிப்படையில் இதுதான். தலை, காது, தாடை, கழுத்து நான்கையும் ஒரே துண்டில் மூடுகிறது; புரண்டு படுத்தால் தலையோடு சேர்ந்து திரும்புகிறது; நள்ளிரவில் கழன்று தலையணைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வதில்லை. பின்னல் வழியே காற்று புகும் என்பது இதன் மேல் சொல்லப்படும் முதல் குறை. வெளியே நிற்பவருக்கு அது குறைதான். நாற்புறமும் மூடிய கூடாரத்துக்குள் காற்று வீசாதபோது அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

உண்மையான குறைகள் வேறு. நம் கடைகளுக்கு வருபவற்றில் பெரும்பகுதி அக்ரிலிக் என்ற செயற்கை நூலில் பின்னப்பட்டவை. புதிதாக இருக்கும்போது அளவாகத் தோன்றும் முகத்திறப்பு, சில இரவுகளிலேயே தொளதொளத்து, புருவத்திலிருந்து மோவாய்க்குக் கீழே வரை இறங்கிவிடுகிறது. திறப்பின் விளிம்பில் இரண்டு விரலால் பிடித்து இழுத்துவிட்டு, அது உடனே பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். விளிம்பு ஒற்றைப் பின்னலாக இல்லாமல், மடித்துத் தைத்த இரட்டைப் பட்டையாக இருப்பதை எடுத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். கழுத்துப் பகுதி சட்டைக் காலருக்கு உள்ளே நான்கு விரற்கடையாவது இறங்க வேண்டும். பல மங்கி கேப்புகள் தொண்டைக் குழிக்கு மேலேயே நின்றுவிடுகின்றன. படுத்த நிலையில் தலையைச் சற்றே உயர்த்தினாலும் அந்த இடைவெளி வழியாகக் குளிர் நேராக மார்புக்கு இறங்குகிறது. உச்சியில் குஞ்சம் வைத்ததை வாங்கவே வேண்டாம். அது எழுந்து உட்கார்ந்திருப்பவருக்கு அழகு, ஸ்லீப்பிங் பேக்கின் ஹூடுக்குள், அதாவது அதன் தலைமூடிக்குள், தலையை நுழைப்பவருக்கு ஒரு முண்டு.

கம்பளி என்று சொல்லி அக்ரிலிக்கை விற்பது இந்த வணிகத்தில் சாதாரணமாக நடக்கிறது. ‘நூறு சதவீதம் கம்பளி’ என்று அட்டையில் அச்சிட்ட ஒரு குல்லாவை இணையத்தில் நான் வாங்கியபோது, தொட்டதுமே எழுந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். கம்பளி நூல் தயங்கித் தயங்கி எரியும். தலைமயிர் கருகும் வாசம் வரும். தீயை விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியை விட்டுவைக்கும். எனக்கு வந்த நூல் உருகிச் சொட்டி, நசுக்க முடியாத கறுப்பு மணியாக இறுகிப்போனது. அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் செய்வதற்கு விற்பனையாளரோடு நடத்திய கடிதப் போக்குவரத்து குல்லாவின் விலைக்கு மீறிய உழைப்பு. வாங்குகிறவர்கள் வந்த அன்றே இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. இடுக்கியில் நூலைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துச் செய்ய வேண்டும்.

அக்ரிலிக் குளிருக்கு ஆகவே ஆகாது என்று நான் சொல்லவில்லை. வெப்பத்தைக் காப்பது இழைகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்றுதான். அந்தக் காற்றைத் தேக்கி வைக்கும் வேலையை உலர்ந்த அக்ரிலிக்கும் ஓரளவு செய்துவிடும். வேறுபாடு ஈரத்தில் தெரிகிறது. வழக்கமான ஈரப்பதத்தில் கம்பளி தன் எடையில் 16 சதவீதம் அளவுக்கு நீராவியை இழைக்குள்ளேயே வாங்கி வைத்துக்கொள்கிறது. ஈரம் மிகுந்த காற்றில் இது மூன்றில் ஒரு பங்குவரை போகும், அப்போதும் தொட்டால் ஈரமாகத் தோன்றுவதில்லை. அக்ரிலிக் வாங்கிக்கொள்வது 2 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சமெல்லாம் இழையின் மேலேயே நின்று, மூச்சுக்காற்று படும் மோவாய்ப் பகுதியில் சில்லென்று ஒட்டுகிறது. திருப்பூர்ப் பருத்தியில் பின்னிய மெல்லிய குல்லாக்கள் வீட்டுக்குள் தூங்க மிகவும் சுகமானவை, ஆனால் பருத்தி ஈரத்தை வாங்கிக்கொண்டு வெகுநேரம் விடாமல் வைத்திருக்கும் என்பதால் பனியில் அவற்றுக்கு இடமில்லை.

அடுத்தது ஃப்ளீஸ் பலாக்லாவா: பஞ்சுபோல் மென்மையான செயற்கைத் துணியில் தைத்த, தலையையும் கழுத்தையும் மூடும் குல்லா. விளையாட்டுப் பொருள் கடைகளில் மிக எளிதாகக் கிடைப்பதும், சில நூறு ரூபாயில் முடிந்துவிடுவதும் இதுதான். நனைந்தால் உதறிவிட்டு உடனே போட்டுக்கொள்ளலாம். துவைப்பதற்கு எந்தச் சடங்கும் வேண்டாம். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணி இரவுக்குப் பொருத்தமானது. 100 கிராம் துணி ஹூடுக்கு உள்ளே அணியும் உள்குல்லாவாக மட்டும் உதவும். இதில் முகத்திறப்பின் வடிவத்தைக் கவனித்து எடுக்க வேண்டும். கண்ணுக்கு இரண்டும் வாய்க்கு ஒன்றுமாக மூன்று ஓட்டைகள் உள்ளது தூக்கத்துக்குச் சற்றும் உதவாது, ஏனெனில் ஒருக்களித்துப் படுத்த சிறிது நேரத்தில் கண் ஓட்டை கன்னத்துக்கும் வாய் ஓட்டை தாடைக்கும் போய்விடும்; மூச்சு முட்டி விழிப்பு வரும். வாய்ப்பகுதியில் ரப்பர் போன்ற தடித்த துணியோ காற்றுப் புகாத படலமோ வைத்துத் தைத்த பனிச்சறுக்கு வகைகளும் அப்படித்தான்; மூச்சின் ஈரம் வெளியேற வழியின்றி உள்பக்கமே துளித்து நிற்கும். ஒரே நீள்வட்டத் திறப்பு உள்ளதாகவும், அதன் கீழ் விளிம்பை வேண்டும்போது மூக்குவரை ஏற்றி, வேண்டாதபோது மோவாய்க்குக் கீழே இறக்கிவிடக் கூடியதாகவும் இருப்பதையே எடுக்க வேண்டும். உச்சந்தலையின் நடுவே ஓடும் தடித்த தையலும், காதின் மேல் விழும் தையலும் பக்கவாட்டில் படுக்கிறவரை உறுத்தும் என்பதால், உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பது அவசியம். உலர்ந்த குளிர்க்காற்றில் ஃப்ளீஸ் மின்னேற்றம் கொள்வதையும் சொல்ல வேண்டும். இருட்டில் இதைக் கழற்றும்போது படபடவென்று சிறு பொறிகள் பறப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அதனால் தீங்கொன்றும் இல்லை. முதல்முறை பார்க்கிறவர் பயந்துபோகாமல் இருப்பதற்காகச் சொல்கிறேன்.

மெரினோ இன ஆட்டின் கம்பளியில் பின்னிய பலாக்லாவா விலையில் இதைப் போலச் சில மடங்கு. அந்த விலைக்குத் தகுதியானதா என்றால், எத்தனை இரவுகள் வெளியே தூங்குவீர்கள் என்பதைப் பொறுத்தது. மெரினோ இழையின் விட்டம் பொதுவாக 20 மைக்ரானுக்கும் கீழே இருப்பதால், சாதாரணக் கம்பளி தரும் அரிப்பு இதில் இல்லை; நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் இரவு முழுவதும் தோலோடு ஒட்டிக் கிடக்கும் துணிக்கு இது சிறிய விஷயமன்று. பல நாள் துவைக்காமல் அணிந்தாலும் நாற்றம் எடுப்பதில்லை. ஆனால் மெல்லியது, பூஜ்யத்துக்குக் கீழே இது மட்டும் போதாது. தோலை ஒட்டிய முதல் அடுக்காக இதை வைத்து, மேலே வேறொன்றைப் போடுவதே சரியான பயன்பாடு. முழு பலாக்லாவாவுக்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள், பஃப் என்று எல்லோரும் அழைக்கும் குழாய் வடிவத் துணியை மெரினோவில் ஒன்று வாங்கிக் கழுத்தில் அணிந்துகொண்டு, தலைக்கு ஏற்கெனவே இருக்கும் குல்லாவையே வைத்துக்கொண்டால், கழுத்துக்கும் தாடைக்கும் இடையிலான அந்தப் பொல்லாத இடைவெளி அடைபட்டுவிடும். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு படுப்பது இதற்கு மாற்றாகாது. லடாக்கின் சாங்தாங் ஆடுகள் தரும் 12 முதல் 15 மைக்ரான் பஷ்மினாவாகவே இருந்தாலும், நாலு முறை புரண்டால் அது அவிழ்ந்து முதுகுக்கு அடியில் போய்விடும்.

இனி டவுன் ஹூட். வாத்து அல்லது வாத்தினப் பறவைகளின் இறகுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தூவியை நைலான் உறைகளுக்குள் அடைத்து, தலையைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் உப்பலாக நிற்கும்படி தைத்த தனிக் குல்லா இது. ஸ்லீப்பிங் பேக்குக்குப் பதிலாகக் கூடாரத்தில் க்வில்ட் என்ற பஞ்சடைத்த போர்வையைப் பயன்படுத்துகிறவர்களும், ஹேமக் என்ற தொங்கு படுக்கையில் தூங்குகிறவர்களும்தான் இதை முதலில் தேடத் தொடங்கினார்கள். அவர்களுடைய போர்வைகளில் ஹூட் கிடையாது. எடைக்கு எடை பார்த்தால் இதைவிட வெப்பம் தருவது எதுவும் இல்லை. ஒரு கைப்பிடிக்குள் சுருங்கிவிடுகிறது. எடை பெரும்பாலும் 100 கிராமைத் தாண்டுவதில்லை. ஆனால் இதன் சிறப்பாக நான் கருதுவது வெப்பத்தையன்று. ஸ்லீப்பிங் பேக்கோடு சேர்த்துத் தைக்கப்பட்ட ஹூட், படுத்திருப்பவர் மல்லாந்து அசையாமல் கிடப்பார் என்று எண்ணிச் செய்யப்பட்டது. அவர் ஒருக்களித்தால் பை அப்படியே கிடக்க, முகம் மட்டும் ஹூடின் பக்கச்சுவரில் போய்ப் புதைகிறது. வாயும் மூக்கும் துணிக்குள் இருந்தபடியே இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரம், பையின் தூவிக்குள்ளேயே இறங்கிக் கட்டிப்போகிறது. தனி ஹூட் தலையோடு திரும்புவதால், எந்தப் பக்கம் படுத்தாலும் வாய் வெளிக்காற்றை நோக்கியே இருக்கிறது. ஒருக்களித்தே தூங்கிப் பழகியவர்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு, இந்த ஒரு காரணமே போதும்.

குறைகளைத் தயங்காமல் சொல்லிவிடலாம். நைலான் துணி காதை ஒட்டியே இருப்பதால், சிறிதளவு அசைந்தாலும் காகிதத்தைக் கசக்குவது போன்ற சரசரப்பு நேராகச் செவிக்குள் கேட்கும். மெலிந்த தூக்கம் உடையவர்கள் முதல் இரவில் இதனாலேயே எரிச்சலடைவார்கள். உள்ளே மெரினோவோ மெல்லிய ஃப்ளீஸோ அணிந்தால் சத்தம் பாதியாகிறது. மோவாய்க்குக் கீழே வெல்க்ரோ வைத்துத் தைத்தவற்றைத் தவிர்க்க வேண்டும். அது தாடியையும் தலைமயிரையும் மெரினோ நூலையும் ஒருங்கே கவ்விப் பிடிக்கும். அழுத்துப் பொத்தானும், ஒரே கையால் இறுக்கித் தளர்த்தக்கூடிய நாடாவும் உள்ளதே நல்லது. இருட்டில், கையுறையோடு, பாதித் தூக்கத்தில் அதை இயக்க வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்து வாங்க வேண்டும். தலையின் எடைக்கு அடியில் தூவி நசுங்கிவிடுவதால் பின்னந்தலைக்கு இது எதுவும் தருவதில்லை; அந்தப் பக்கத்தைத் தலையணைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரம் பட்டால் தூவி சுருண்டு கட்டியாகி, உப்பலை இழந்துவிடும். இந்தியக் கடைகளில் தனி டவுன் ஹூட் அரிதாகவே தென்படுகிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியும் சேர்ந்து பல ஆயிரம் ரூபாயாகிறது. இந்த விலைக்கு, அதே வடிவத்தில் பாலியெஸ்டர் பஞ்சு அடைத்த ஹூட் கிடைத்தால் அதையே எடுக்கச் சொல்வேன். சிறிது எடை கூடும், சிறிது பருமன் கூடும். ஆனால் நனைந்தாலும் ஓரளவு உப்பலைத் தக்கவைத்துக்கொள்ளும், வீட்டு வாளியிலேயே அலசிப் போடலாம்.

ஹூட் வைத்த டவுன் ஜாக்கெட் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதை அணிந்தே படுத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். படுத்துக்கொள்ளலாம். ஜாக்கெட்டின் ஹூட் தோளோடு இணைந்திருப்பதால் கழுத்து இடைவெளி என்ற சிக்கலே எழுவதில்லை; ஆனால் தலையை மட்டும் திருப்பும்போது ஹூட் கூடவே வராமல் கண்ணை மறைக்கும். உள்ளே ஒரு மெல்லிய பலாக்லாவா அணிந்துகொண்டு ஜாக்கெட்டின் ஹூடைத் தளர்வாக விட்டால், புதிதாக எதுவும் வாங்காமலேயே மைனஸ் 10 டிகிரி வரை பெரும்பாலானவர்களால் சமாளித்துவிட முடியும் என்பது என் மதிப்பீடு.

நம் தலைகளுக்கென்றே சில கவனங்கள் உண்டு. வெளிநாட்டு மதிப்புரைகளில் இவை கிடைப்பதில்லை. தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடு குல்லாவுக்குள் நுழைய வேண்டாம். எண்ணெய் கம்பளியில் ஏறினால் தூசியைப் பிடித்து வைக்கும், தூவியில் ஏறினால் அதன் மெல்லிய கிளைகளை ஒட்டவைத்து உப்பலைக் குறைக்கும். 24 டிகிரிக்குக் கீழேயே உறைந்துவிடும் எண்ணெய் அந்த மலையில் குப்பியிலிருந்து வெளியே வரப்போவதும் இல்லை. நீண்ட கூந்தல் உள்ளவர்கள் கொண்டை போட்டுக்கொண்டு படுத்தால் குல்லா பின்னால் தூக்கிக்கொண்டு நெற்றியில் ஏறிவிடும். தளர்வாக ஒற்றைச் சடை பின்னி, அதைக் குல்லாவின் கழுத்துப் பகுதிக்குள் விட்டுச் சட்டைக்கு உள்ளே இறக்கிவிடுவதுதான் வசதி, கழுத்துக்கும் கூடுதல் கதகதப்பு. தோடு, ஜிமிக்கி, கல் வைத்த மூக்குத்தி ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவது நலம்: பின்னலின் கண்ணியில் மாட்டிக்கொண்டு இழுக்கும், உலோகம் தோலில் சில்லென்று படும். தலைச் சுற்றளவைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்து நாடாவால் அளந்து, அந்த அளவைப் பார்த்தே இணையத்தில் வாங்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவு என்று போட்டிருக்கும் குல்லா நடுத்தரத் தலைக்குப் பின்னப்பட்டது.

இறுக்கம் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 2,500 மீட்டருக்கு மேல் தூங்குகிறவர்களுக்கு உயர நோயின் முதல் அறிகுறியாகத் தலைவலி வரக்கூடும். இறுக்கமான குல்லாவின் விளிம்பும் இதே தலைவலியைத் தரும். 3,810 மீட்டர் உயரமுள்ள கேதார்காந்தாவின் பாதையில் ஜூடா கா தாலாப் முகாமே அந்தக் கோட்டைத் தாண்டித்தான் இருக்கிறது. நெற்றியைச் சுற்றிப் பட்டை போட்டதுபோல வலி இருந்தால் குல்லாவைச் சிறிது நேரம் தளர்த்திப் பார்க்கலாம். அப்போதும் வலி நீடித்தாலோ, குமட்டலோ தலைச்சுற்றலோ கூடவே இருந்தாலோ, காலைவரை காத்திருக்காமல் வழிகாட்டியை எழுப்பிச் சொல்லிவிட வேண்டும். குல்லாவின் விளிம்புக்குள் இரண்டு விரல் தடையில்லாமல் நுழைகிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொண்டால் இந்தக் குழப்பத்துக்கு இடமிருக்காது.

வாங்கிய பிறகு கெடுத்துவிடாமல் இருப்பதும் வாங்குவதன் ஒரு பகுதிதான். பகலில் நடந்து வியர்த்த குல்லாவை இரவில் அணியக் கூடாது. இரவுக்கென்று வைத்திருப்பதை ஸ்லீப்பிங் பேக்கோடு சேர்த்தே சுருட்டி, உலர்ந்த பையில் கட்டி வைக்க வேண்டும். முகத்தை முழுவதும் மூடிக்கொண்டு பைக்குள் முடங்கவே தோன்றும். மூக்கையும் வாயையும் வெளியே விட்டால்தான் தலையும் பையும் உலர்ந்திருக்கும். மூக்கு நுனி தாங்க முடியாமல் குளிர்ந்தால் மெல்லிய பஃப்பை மூக்கின் மேல் தளர்வாக ஏற்றிவிடலாம்; விடியும்போது அதன் வெளிப்பக்கம் பொரிந்த உப்பைப் போல வெண்பனி படிந்திருக்கும், உதறினால் போய்விடும். ஊருக்குத் திரும்பியதும் கம்பளியை வெந்நீரில் போட்டு அலசினால் அது இறுகிச் சுருங்கிக் குழந்தையின் குல்லாவாகிவிடும். குளிர்ந்த நீரில், மென்மையான சோப்புத் திரவத்தில், முறுக்காமல் பிழிந்து, நிழலில் விரித்து உலர்த்த வேண்டும். தூவி வைத்ததைச் சென்னையின் காற்று ஈரத்தில் முழுவதும் உலர்த்துவது பெரும்பாடு. உள்ளே கட்டியாக எதுவும் தட்டுப்படாத வரை உதறி உதறி உலர்த்தி, சுருட்டி அடைக்காமல் தளர்ந்த துணிப்பையில் போட்டுத் தொங்கவிட வேண்டும். அந்துப்பூச்சிக்கு நாப்தலின் உருண்டை வைக்கிறவர்கள், அடுத்த பயணத்துக்குச் சில நாள் முன்பே குல்லாவை வெளியே எடுத்துக் காற்றாட விடவில்லையென்றால், அந்த நெடியோடுதான் இரவெல்லாம் மூச்சுவிட வேண்டியிருக்கும்.

எதை வாங்குவது என்பதை இனிச் சொல்லலாம். வாழ்க்கையில் ஒருமுறை மட்டும் குளிர்கால மலையேற்றத்துக்குப் போகிறவருக்கு, மடித்துத் தைத்த விளிம்பும் நீண்ட கழுத்தும் உள்ள உண்மையான கம்பளி மங்கி கேப் ஒன்றும், கழுத்துக்கு ஒரு பஃப்பும் போதும். மேலே ஸ்லீப்பிங் பேக்கின் ஹூடோ ஜாக்கெட்டின் ஹூடோ இருக்கவே இருக்கிறது. ஆண்டுதோறும் போகிறவர் மெரினோ பலாக்லாவாவில் பணத்தைப் போட்டு, அதன் மேல் அணிவதற்குப் பாலியெஸ்டர் பஞ்சு வைத்த தனி ஹூடைச் சேர்த்துக்கொள்ளலாம். என் பையில் இருப்பது இந்த இணைதான். டவுன் ஹூட், க்வில்டில் தூங்குகிறவருக்கும், மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஜான்ஸ்கரின் உறைந்த ஆற்றுப் பாதைக்குப் போகிறவருக்கும் மட்டுமே அவசியம். ஃப்ளீஸ் பலாக்லாவா, பணத்தையும் நேரத்தையும் ஒருசேரச் சுருக்க வேண்டியவர்களுக்கு ஏற்ற, கண்ணியமான இரண்டாம் தேர்வு.

சாங்க்ரியின் கடைகளில் பனிக்கால உபகரணங்கள் பலவும் வாடகைக்குக் கிடைக்கின்றன; அவற்றை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. தலைக்கு அணிவதை மட்டும் வாடகைக்கு எடுக்க வேண்டாம். எத்தனை பேரின் வியர்வை அதில் ஏறியிருக்கிறது என்பதை முகர்ந்தே அறியலாம். ஊரிலிருந்து கிளம்பும்போது வாங்க முடியாமல் போனவர்கள் டேராடூனின் பல்டன் பஜாரில் தேடலாம். அங்கிருந்து சாங்க்ரிக்குப் போகும் வண்டிகள் பெரும்பாலும் அதிகாலையிலேயே, கடைகள் திறப்பதற்கு முன்பே, கிளம்பிவிடும் என்பதால் முந்தைய நாள் மாலைக்குள் ஊருக்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.